பிரான்செஸ்கோ கிளெமென்டே: உடல், சாவு, பாண்டிச்சேரிக் காகிதம். வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கரித்துண்டு (கேள்வி)

ஓவிய மாணவர்களுக்கு இத்தாலிய ஓவியர் பிரான்செஸ்கோ கிளெமென்டே பற்றி மூன்று வகுப்பு எடுக்கத் திட்டம். கட்டுரைகள் பெரும்பாலும் "கிழக்கும் மேற்கும் கலந்த ஆன்மிகம்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. அது போதாது. மூன்று விஷயம் தெரிய வேண்டும்:

1. உடல், சாவு, ஆன்மிகம் மூன்றும் அவர் படங்களில் எப்படி மாறிக்கொண்டே வந்தன என்று காட்ட எந்தப் படங்களை எந்த வரிசையில் வைக்கலாம்?

2. 1980-ல் பாண்டிச்சேரிக் கைக்காகிதத் தாள்களைத் துணிப்பட்டையால் இணைத்துச் செய்த பெரிய குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) படங்கள் இருக்கின்றன. அந்த முறையை மாணவர்கள் கையால் செய்து பார்க்க வேண்டும். பெவிகாலில் ஒட்டினால் இணைப்பு வரப்பு மாதிரி புடைக்கிறது. ஏன்?

3. பிரெஸ்கோ (ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையும் ஓவியம்) செய்து காட்ட முடியுமா? சென்னை ஈரக்காற்றில் அது காயுமா?

---

ஒன்பதுவாசல்

காலவரிசையில் போகாதீர்கள். "1952-ல் நேப்பிள்ஸில் பிறந்தார், 1970-ல் கட்டடக்கலை படிக்க ரோம் போனார்" என்று ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷம் பாதிப் பேர் போனில் இருப்பார்கள். 1983-ல் வரைந்த 'நேம்' படத்தைத் திரையில் போடுங்கள். அவருடைய முகம்தான். கண், காது, மூக்கு, வாய் என்று எல்லாத் துளையிலும் அதே முகம் குட்டியாக உட்கார்ந்து நம்மைப் பார்க்கும். ஒன்பது வாசல் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். உடலின் உள்ளே எது, வெளியே எது, இடையில் கதவை யார் காக்கிறார்கள்? அவர் படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விதான்.

அடுத்து பின்னோக்கி 1980-க்குப் போங்கள். ஒன்பது தாள் இணைத்த 'டூ பெயின்டர்ஸ்'. இரண்டு உடல்கள் ஒன்றையொன்று விரலால் தொட்டுச் சோதிக்கின்றன. இங்கே தொடுவதுதான் அறிவது.

பிறகு 'தி ஃபோர்ட்டீன் ஸ்டேஷன்ஸ்', 1981-82. நியூயார்க்குக்குக் குடிபோன கையோடு எண்ணெய் வண்ணமும் மெழுகும் சேர்த்துச் செய்தது. 1983-ல் லண்டன் ஒயிட்சேப்பல் கேலரியில் வைத்தார்கள். தலைப்பு சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளைச் சொல்கிறது, படங்களோ பன்னிரண்டு. ஏசுவின் கதையை அதில் வரிசையாகத் தேடினால் கிடைக்காது. பாடுபடுவது ஓவியரின் சொந்த உடல். மாணவர்களிடம் முதலில் எண்ணச் சொல்லுங்கள், எண்ணிக்கை உதைக்கும்போது கேள்வி தானாக வரும்.

அதற்கப்புறம் 1985-ன் அடையாறு வாட்டர்கலர்கள், மொத்தம் 108. ஜபமாலைக் கணக்கு. வாட்டர்கலரில் அழித்துத் திருத்த இடமில்லை, கறை விழுந்தால் அதோடுதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். 108 தடவை அப்படிப் போவதையே ஒரு தவப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். இது என் வாசிப்பு. சாவை நேராகத் தலைப்பிலேயே வைத்தது 'ஃபியூனரரி பெயின்டிங்ஸ்', 1988-ல் நியூயார்க் டியா அறக்கட்டளையில் காட்டியது. அதைக் கடைசியில் வையுங்கள். முதலில் காட்டிவிட்டால் மற்ற எல்லாப் படத்தையும் அந்தக் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர் 1973-ல் முதலில் இந்தியா வந்தார், பிறகு சென்னையில் நீண்ட காலம் இருந்தார், பிரம்மஞான சபை நூலகத்தில் வாசித்தார். எல்லாம் உண்மை. அதை வைத்துக்கொண்டு சாவு பற்றிய யோசனையை இந்தியாதான் அவருக்குக் கொடுத்தது என்று எழுதிவிடுகிறார்கள். அவர் ஊரான நேப்பிள்ஸில் ஃபோன்டனெல்லே என்று ஓர் எலும்புக் கிடங்கு உண்டு. பெயர் தெரியாத மண்டையோடுகளை அங்கே குடும்பங்கள் தத்தெடுத்து, துடைத்து வைத்து, வேண்டுதல் வைத்தார்கள். 1969-ல் திருச்சபை தடை போடும் அளவுக்கு அது ஓங்கியிருந்தது. அவருக்கு அப்போது பதினேழு வயது. செத்தவர்களோடு பேசிப் பழகிய ஊர்க்காரர்தான் நம்மூருக்கு வந்து சேர்ந்தார்.

---

தாள்மடிப்பு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெவிகால் புடைப்பதற்குக் காரணம் இரண்டு. கந்தல் காகிதம் ஈரம் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பெவிகால் காய்ந்து பிளாஸ்டிக் படலமாகிவிட்டால் அதோடு சேர்ந்து அசையாது, அந்த இழுப்பில் ஓரம் தூக்கிக்கொள்ளும். இரண்டாவது, தாளின் பிசிறு ஓரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டியிருப்பீர்கள். அந்த இடம் மட்டும் இரட்டைக் கனமாகிறது.

செய்முறை இது. 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத முழுப்பருத்திக் கைக்காகிதம், 22×30 அங்குலம். ஒன்பது தாளை மூன்றுக்கு மூன்றாக வைத்தால் ஏறக்குறைய ஐந்தரை அடிக்கு ஏழரை அடி வரும். வகுப்புக்கு நாலு தாள் போதும்.

முதலில் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடியில் உறிஞ்சிவிட்டால் அதில் சைசிங் (ஈரம் உறிஞ்சாமல் தடுக்கும் பசைப்பூச்சு) இல்லை, குவாஷ் உள்ளே இறங்கி வெளிறிப்போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் ஜெலட்டின். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கை தாங்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோங்கள், கொதிக்கக் கூடாது. கொதித்தால் ஒட்டும் தன்மை செத்துவிடும். அகலப் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தடவிக் கொடியில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் இதைச் செய்ய வேண்டாம், காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும்.

துணிக்கு மல் அல்லது மெல்லிய பருத்தி. வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு, நூல் போகும் திசையிலேயே 4 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். குறுக்குச்சாய்வாக வெட்டினால் ஒட்டும்போதே இழுபடும்.

பசைக்குக் கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. சிறுதீயில் அரை மணி நேரம் விடாமல் கிளற வேண்டும். ஆறியதும் சல்லடையில் தேய்த்து எடுங்கள். மைதா வேண்டாம். அதில் புரதம் இருக்கிறது, மஞ்சளாகும், பூச்சியும் வரும். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சிக்குப் பயந்து பசையில் மயில்துத்தம் போடுவார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது சரி, ஓவியத்துக்கு ஆகாது. செம்பு உப்பு காகிதத்தைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். அளவாகக் காய்ச்சி, ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தாள்களைக் கவிழ்த்து அடுக்கி, நடுவே 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். இந்த இடைவெளிதான் முக்கியம். தாள் விரிய இடம் கிடைக்கும், பழைய வரைபடம் மாதிரி மடிக்கவும் வரும். துணியில் பசையை மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீவி ஒட்டுங்கள். மேலும் கீழும் பாலியஸ்டர் துணி, அதற்கு வெளியே பிளாட்டிங் பேப்பர், அதன் மேல் பலகையும் கல்லும். 24 மணி நேரம். நடுவில் ஒருமுறை பிளாட்டிங் பேப்பரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் அங்கேயே சுற்றும்.

வண்ணம் மடிப்புக் கோட்டில் கனமாக ஏறக் கூடாது. குவாஷில் இருப்பது கருவேலம்பிசின், தடித்தால் மடிக்கும்போது பொரிந்து உதிரும். போஸ்டர் கலர் பயிற்சிக்கு மட்டும் சரி. அதிலும் பளிச்சென்ற ரோஸ், ஊதா எல்லாம் வெளிச்சத்தில் முதலில் போகும். குப்பியில் பிபி29, பிஆர்101, பிஒய்42 என்று நிறமிக் குறியீடு போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். அல்ட்ராமரீன், செங்காவி, மஞ்சள்காவி மூன்றும் அதில் அடங்கும். அவருடைய அந்தக் காலப் படங்களில் பெரும்பாலும் தெரிவதும் மண்நிறங்கள்தான்.

---

கரித்துண்டு

இருவருக்கும் நன்றி. தாள்மடிப்பு அண்ணா, வரைந்த பிறகு இணைப்பதா, இணைத்த பிறகு வரைவதா? ஒன்பதுவாசல் ஐயா, 'பின்க்சிட்' தொகுப்பை எந்த இடத்தில் வைக்கலாம்?

---

தாள்மடிப்பு

இணைத்த பிறகு வரையுங்கள். உருவம் நாலு தாளிலும் குறுக்கே ஓடினால்தான் இந்த முறைக்கே அர்த்தம். பெரிய வாஷ் (நீர்த்த வண்ணத்தை அகலமாகப் பரப்புவது) மட்டும் விதிவிலக்கு. அதைத் தனித்தனித் தாளில் போட்டு, அழுத்தி நேராக்கி, பிறகு இணைக்கலாம். இணைத்த தாளில் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் நனைத்தால் துணிப்பட்டை விட்டுவிடும்.

---

பட்டறைவாசி

'பின்க்சிட்' பற்றி நான் சொல்லிக்கொள்கிறேன், ஒன்பதுவாசல் ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார். 1980-81-ல் செய்த 24 சின்ன குவாஷ் படங்கள் அவை. பழைய கந்தல் காகிதத்தில், ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தகப் பக்க அளவுதான். இப்போது ரிச்மண்டில் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிற்றோவிய மரபில் பயின்ற இளம் இந்திய ஓவியர்களோடு சேர்ந்து செய்தவை. முழுத் தலைப்பு 'பிரான்செஸ்கோ கிளெமென்டே பின்க்சிட்', அது மட்டும் லத்தீனில் "பிரான்செஸ்கோ கிளெமென்டே வரைந்தது" என்கிறது.

இதை ஆன்மிக வகுப்பில் வைக்காமல் "யார் கை?" என்று தனி வகுப்பாகவே வையுங்கள். சென்னையில் சைன்போர்டு ஓவியர்களோடு வேலை செய்தார். 1984-ல் நியூயார்க் ஓவியர்கள் வார்ஹோல், பாஸ்கியா இருவரோடும் சேர்ந்து 15 படங்கள் செய்தார், அங்கே மூன்று பெயரும் முழுசாக நின்றன. 1986-ல் ரேமண்ட் ஃபோயோடு சேர்ந்து ஹனுமான் புக்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குட்டிப் புத்தகங்களைச் சென்னையில் கலாக்ஷேத்ரா அச்சகத்தில் சி.டி. நாச்சியப்பன் அச்சடித்தார், அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. 2015-ல் அமெரிக்காவின் மாஸ் மோக்கா அருங்காட்சியகத்தில் வைத்த ஆறு கூடாரங்களின் அச்சும் எம்பிராய்டரியும் ஜோத்பூர்க் கைவினைஞர்கள் வேலை. சுயம் கரைவதைப் பற்றி இவ்வளவு வரைந்தவர், கையெழுத்து என்று வரும்போது எங்கே கரைகிறார், எங்கே கரையவில்லை? இதை மாணவர்கள் சண்டை போட்டுப் பேசட்டும். எனக்கு 'பின்க்சிட்' அழகான படங்கள்தான், ஆனால் அந்தத் தலைப்பு உறுத்துகிறது.

---

ஒன்பதுவாசல்

கோபம் எதற்கு? வாதம் நியாயமானது. ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன். அந்த ஓவியர்களின் நேர்த்தியான கோடும் இவருடைய குழந்தைத்தனமான, நிர்வாணமான உருவமும் ஒரே தாளில் உரசுவதுதான் அந்தப் படங்களின் பலம். பெயர் பிரச்சினையை மட்டும் பேசிவிட்டு அந்த உரசலைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, இலை எங்கே நேர்த்தியாக இருக்கிறது, கைகால் எங்கே கோணுகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

---

கிளிஞ்சல்

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. பிரெஸ்கோ இத்தாலியர்களுக்குச் சொந்தச் சரக்கு. 1980-லேயே அவர் அதில் வேலை செய்தார். பிற்பாடு நேப்பிள்ஸ் மாத்ரே அருங்காட்சியகத்தில் 'ஆவே ஓவோ' என்று சுவரில் பிரெஸ்கோவும் தரையில் பீங்கான் ஓடுமாகச் செய்தார்.

ஈரக்காற்றுக்குப் பயப்பட வேண்டாம். பிரெஸ்கோ "காய்வது" இல்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக் கல்லாகிறது, அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். சென்னையில் வேலை நேரம் நீளும், அது லாபம். கெடுப்பவை மின்விசிறி, நேர் வெயில், உப்பு.

பலகைக்குப் பிளைவுட் ஆகாது, ஊதும். மெருகில்லாத சுட்ட மண் ஓடு, 30 செ.மீ. அளவு போதும். இரவெல்லாம் தண்ணீரில் ஊறட்டும், இல்லாவிட்டால் பூச்சின் ஈரத்தை உறிஞ்சி விரிசல் விடும். நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் குறைந்தது மூன்று மாதம் வைத்து, சலித்து, வெண்ணெய்ப் பதத்தில் எடுங்கள். வெள்ளையடிக்கும் பாக்கெட் சுண்ணாம்பு வேண்டாம். பாதி ஏற்கெனவே செத்துப்போயிருக்கும், பிடிக்காது.

முதல் பூச்சில் சுண்ணாம்பு ஒன்று, கழுவிய ஆற்றுமணல் இரண்டரை. ஒரு செ.மீ. கனம், மேலே கீறிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து நனைத்து, சுண்ணாம்பு ஒன்று, சலித்த மணலோ சலவைக்கல் தூளோ ஒன்று, 3 மி.மீ. கனத்தில் பூசுங்கள். நம்மூர்க் கொத்தனார் பழக்கத்தில் கடுக்காய், வெல்லம் சேர்க்கச் சொல்வார். வேண்டாம், வண்ணத்தில் பழுப்புக் கறை ஏறும். கடற்கரை மணல் சேர்த்தால் உப்புப் பூத்துப் படத்தைத் தள்ளிவிடும்.

விரல் வைத்தால் ஒட்டாமல் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்குங்கள். நிறமியை வெறும் தண்ணீரில் குழைத்தால் போதும், பசை எதுவும் வேண்டாம். ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும். பிரஷ் இழுபட்டு, வண்ணம் உள்ளே போகாமல் மேலேயே மிதந்தால் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வைத்ததெல்லாம் துடைத்தால் வந்துவிடும். காவிகள், கோபால்ட் நீலம், சுண்ணாம்பு வெள்ளை தாங்கும். பிரஷ்ய நீலம் பழுப்பாகும், ஈய வெள்ளை கருக்கும்.

பிள்ளைகளுக்குக் கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். சுட்ட சுண்ணாம்பை வகுப்பில் நீற்ற வேண்டாம், கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டியதுதான்.

'ஃபோர்ட்டீன் ஸ்டேஷன்ஸ்' மாதிரி மெழுகு கலந்த எண்ணெய் வண்ணத்தையும் யாராவது கேட்பார்கள். தேன்மெழுகு 62 டிகிரியில்தான் உருகும், ஆனால் சித்திரை மாதத்தில் தகரக்கூரைக்குக் கீழே அதற்கு முன்பே இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கேன்வாஸ் தொய்ந்தால் மெழுகு வெடிக்கும். அதை மரப்பலகையில், சின்னதாக, மார்கழியில் செய்யுங்கள்.