ஆம்பர் சதுரங்கப் போட்டி: கார்ல்சன் ரேபிட்டில் 9.5, பலகை பார்க்காமல் 5. ஏன் இவ்வளவு இடைவெளி?

கறுப்புக்கட்டம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. மொனாக்கோவில் 2011 மார்ச்சில் நடந்த கடைசி ஆம்பர் போட்டியின் ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து வருகிறேன். புள்ளிப் பட்டியலில் ஒரு விஷயம் உறுத்துகிறது. கார்ல்சன் ரேபிட் (பலகையைப் பார்த்து ஆடும் குறுநேர ஆட்டம்) பிரிவில் 11-க்கு 9.5 எடுத்து முதலிடம். பலகை பார்க்காமல், நிலையை மனதிலேயே வைத்து ஆடிய பிரிவில் 5 தான். ஆரோனியன் அங்கே 8.5, ரேபிட்டில் 7, மொத்தம் 15.5 எடுத்துப் பட்டத்தையே கொண்டுபோய்விட்டார். கார்ல்சன் 14.5 உடன் இரண்டாமிடம்.

இரண்டு பிரிவிலும் எதிராளிகள் அதே 11 பேர். ஒரு சுற்றின் இரண்டு ஆட்டமும் அதே நாளில். அப்படியிருந்தும் 4.5 புள்ளி வித்தியாசம். ஒரே நேரத்தில் பத்து இருபது பலகைகளைப் பார்க்காமலே ஆடுகிறவர்கள் உண்டு என்கிறோம், அப்புறம் ஒரே ஒரு பலகையில் உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர் தடுமாறுவது எதனால்?

இன்னொன்று. எங்கள் கிளப்பில் 6 பேர் இதே அமைப்பில் இரண்டு நாள் போட்டி வைக்க நினைக்கிறோம். நேரக்கணக்கு, மென்பொருள், விதிகள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ட்கேம்பித்தன்

முதலில் அந்தப் பத்து இருபது பலகை விஷயம். உலக சாம்பியன் அலெகைன் 1933-இல் சிகாகோவில் 32 பலகை ஆடினார், கிராண்ட்மாஸ்டர் திமூர் கரேயெவ் 2016-இல் லாஸ் வேகஸில் 48. அசாத்திய நினைவாற்றல், மறுப்பே இல்லை. ஆனால் அது வேறு வேலை. எதிரே இருப்பவர்கள் பெரும்பாலும் தங்களைவிடப் பல படி கீழே உள்ளவர்கள், ஆட்டம் மணிக்கணக்கில் நீளும், தலைக்கு மேல் கடிகாரம் ஓடாது. ஆம்பரில் ஒரே பலகைதான். ஆனால் எதிரே கிராம்னிக் மாதிரி முன்னணி ஆட்டக்காரர் உட்கார்ந்திருப்பார், கையில் 25 நிமிடம். நிலையை ஞாபகம் வைத்திருந்தால் மட்டும் போதாது, அந்த ஞாபகத்தின் மேலேயே ஆறு ஏழு நகர்த்தல் ஆழத்துக்குக் கணக்கும் போட வேண்டும்.

தவறு வருவது அந்த இடத்தில்தான். "காய் எங்கே இருக்கிறது என்று மறந்துவிட்டார்" என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். ஆட்டங்களைக் கூர்ந்து பார்த்தால் வேறு காரணங்கள் தெரியும்.

கணக்குப் போட்டது நிஜத்தோடு கலந்துவிடுவது மிக அபாயமானது. மனதுக்குள் "யானை டி1, அவன் எச்6, நான் குதிரை ஈ4" என்று ஒரு வரிசையை ஓட்டிப் பார்த்துவிட்டு, அது வேண்டாமென்று வேறொன்றை ஆடுவார்கள். ஐந்து நகர்த்தல் கழித்து எச் சிப்பாய் எச்6-இல் நிற்பதாகவே மனசு நம்பிக்கொண்டிருக்கும். பலகை எதிரே இருந்தால் கண் அதைத் தானாகத் திருத்திவிடும். இங்கே திருத்த ஆளில்லை.

அடுத்தது ஓரச் சிப்பாய்கள். ஏ6, எச்6 போன்ற சின்ன நகர்த்தல்கள் திட்டத்தோடு ஒட்டாதவை, அதனால் மனதில் தங்காது. பின்வரிசையில் ராஜாவுக்கு மூச்சுவிட வழி இருக்கிறதா இல்லையா என்பதே மாறிப்போகும். தூரத்திலிருந்து பின்னோக்கி வரும் ராணி, மந்திரி நகர்த்தல்களும் இப்படித்தான் கண்ணில் படாமல் போகும்.

இன்கிரிமென்ட்டுக்கும் (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் நேரம்) இதுவே காரணம். ஆம்பரில் இரண்டு பிரிவுக்கும் அடிப்படை 25 நிமிடம். ரேபிட்டில் நகர்த்தலுக்கு 10 வினாடி கூடும், பலகை பார்க்காமல் ஆடும்போது 20. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் நிலையை ஒருமுறை மனதில் திரும்ப அடுக்கிச் சரிபார்க்க வேண்டும், அதற்கு 10 வினாடி பற்றாது. சரிபார்க்காமல் ஆடினால் மேலே சொன்ன கலப்படம் கண்டிப்பாக வரும்.

இந்தப் பிரிவில் சிலருக்கு மட்டும் தனித் திறமை இருந்தது என்பதும் உண்மை. கிராம்னிக் 2007-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 9 எடுத்தார். மொரோசெவிச் 2006-இல் 9.5! அந்த ஆண்டு ரேபிட் பிரிவு நம்ம ஆனந்துக்கு. கடைசியில் இருவரும் மொத்தப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனந்த் 1997-இலும் 2005-இலும் இரண்டு பிரிவையுமே வென்றார். ஆம்பர் வரலாற்றில் அதைவிடப் பெரிய சாதனையாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சிப்பாய்64

மேல சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கணும். குதிரை! ரெண்டு குதிரையும் பலகையில இருக்கும்போது "குதிரை டி7"ன்னு திரையில வந்தா எந்தக் குதிரைன்னு ஒரு நொடி யோசிக்கணும். ரெண்டுல ஒண்ணுதான் அங்க போக முடியும்னா குறியீட்டுல கூடுதல் எழுத்து வராது, அதனால மத்தது எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இது எதுன்னு புரியும். அங்க தப்பினா அப்புறம் எல்லாமே தப்பு.

ராணிகளை வெட்டிக்கிட்டா சுலபம்னு பலர் நினைக்கிறாங்க. பாதிதான் சரி. காய் குறையும், ஆனா தூரம் கூடும். திறந்த பலகையில ராஜா எத்தனை கட்டம் நடக்கணும், எதிர் சிப்பாயைப் பிடிக்குமான்னு மனசுல எண்றது ரொம்பக் கஷ்டம். அதைவிட சிப்பாய் அமைப்பு மாறாம நிக்கிற ஓப்பனிங்கை (ஆட்டத்தோட தொடக்க நகர்த்தல் வரிசை) எடுங்க. குவீன்ஸ் காம்பிட் எக்ஸ்சேஞ்சுல டி4-டி5 சிப்பாய்கள் எதிரெதிரே பூட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நிக்கும். எலும்புக்கூடு அசையாம இருந்தா மத்த காய்களை அது மேல மாட்டி வைக்கலாம். புதுசா முயற்சி பண்றவங்க, சிப்பாய் அமைப்பு சீக்கிரம் கலையுற ஓப்பன் சிசிலியன் ஓப்பனிங் பக்கம் போக வேண்டாம்.

பயிற்சிக்கு மூணு படி. ஒரு நாளைக்கு 20 நிமிஷம் போதும், போட்டிக்கு மூணு வாரம் முன்னாடி ஆரம்பிங்க.

முதல்ல கட்டத்தோட நிறம். யாராவது கட்டம் பேரைச் சொல்லணும், நீங்க நிறத்தைச் சொல்லணும். ஏ-வை 1, பி-யை 2ன்னு எண்ணி வரிசை எண்ணோட கூட்டுங்க. இரட்டைப்படை வந்தா கறுப்பு. எஃப்6-ன்னா 6+6, கறுப்பு. ஜி4-ன்னா 7+4, வெள்ளை. ஒரு வாரத்துல கூட்டாமலே வாய்க்கு வரும். ரெண்டாவது, பலகையை 16 கட்டமா நாலு துண்டாப் பிரிச்சுக்கிட்டு ஒவ்வொரு துண்டுலயும் என்ன இருக்குன்னு மட்டும் மனசுல பாருங்க. 64 கட்டத்தையும் ஒரே படமாப் பிடிக்கப் போனா மங்கலாத்தான் தெரியும். மூணாவது, அச்சிட்ட ஆட்டத்தை 15-வது நகர்த்தல் வரைக்கும் பலகை இல்லாம படிச்சிட்டு, நிலையைத் தாள்ல எழுதிச் சரிபாருங்க. எழுதும்போது சிப்பாய்களை முதல்ல எழுதணும், அப்புறம் ராஜா, கடைசியா மத்த காய்கள். எந்தக் காய் திரும்பத் திரும்பத் தப்பாகுதுன்னு குறிச்சு வைங்க. ஒருத்தருக்கு எப்பவும் ஒரே மாதிரித் தப்புதான் வரும்.

நடுவர்_மேசை

போட்டி நடத்துவது பற்றி நான் சொல்கிறேன். ஆம்பரில் 12 பேர், 11 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிராளியோடு இரண்டு ஆட்டம்: ஒன்று பலகை பார்க்காமல், மற்றது ரேபிட், நிறம் மாற்றி. மொத்தம் 22 புள்ளிக்கு. ஆட்டக்காரர் முன்னால் கணினித் திரையில் காய் இல்லாத வெறும் பலகை மட்டும் இருக்கும். எதிராளியின் கடைசி நகர்த்தல் மட்டுமே குறியீடாகத் தெரியும். பெயர் கண்கட்டு ஆட்டம் என்றாலும் யாரும் கண்ணைக் கட்டுவதில்லை. புரவலர் யோப் வான் ஊஸ்டெரோம் தன் மகளின் பெயரைத்தான் போட்டிக்கு வைத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் 6 பேருக்கு 5 சுற்று. எல்லோரும் எல்லோரோடும் ஆடும் பெர்கர் அட்டவணைப்படி இணை போடுங்கள்:

சுற்று 1: 1-6, 2-5, 3-4
சுற்று 2: 6-4, 5-3, 1-2
சுற்று 3: 2-6, 3-1, 4-5
சுற்று 4: 6-5, 1-4, 2-3
சுற்று 5: 3-6, 4-2, 5-1

முதலில் வரும் எண்ணுக்குப் பலகை பார்க்காத ஆட்டத்தில் வெள்ளை. ரேபிட்டில் அப்படியே திருப்புங்கள். 1, 2, 3-ஆம் எண்களுக்குப் பலகை பார்க்காத பிரிவில் மூன்று வெள்ளை வரும், மற்றவர்களுக்கு ரேபிட்டில் மூன்று. எண்ணைக் குலுக்கல் போட்டுக் கொடுங்கள்.

25 நிமிடம் வைத்தால் இரண்டு நாள் இறுக்கமாகிவிடும். அடிப்படை 15 நிமிடமாக்குங்கள், ஆனால் 20 வினாடி, 10 வினாடி இன்கிரிமென்ட்டில் கை வைக்காதீர்கள். 60 நகர்த்தல் ஆட்டம் என்றால் ஒருவருக்கு 15+20, அதாவது 35 நிமிடம், இருவருக்கும் 70. ரேபிட்டில் அதுவே 50. முதல் ஆட்டத்துக்கு 80 நிமிடம், 10 நிமிட இடைவேளை, ரேபிட்டுக்கு 60 என்று ஒதுக்கினால் ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். முதல் நாள் காலை 9.30, மதியம் 1.00, மாலை 4.00 என மூன்று சுற்று, மறுநாள் இரண்டு. பலகை பார்க்காத ஆட்டத்தை முதலில் வையுங்கள், மூளை களைத்த பிறகு அது நடக்காது.

மென்பொருளுக்கு லிச்செஸ் என்ற இலவச சதுரங்கத் தளம் போதும். அதில் காய்களை மறைத்து ஆடும் வசதி இருக்கிறது. ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு உட்காராதீர்கள், விவரம் கசிய நாலைந்து வழி உண்டு.

- காய் போகக்கூடிய கட்டங்களைப் புள்ளியாகக் காட்டுவதை அணையுங்கள்.
- வெட்டுப்பட்ட காய்களின் வித்தியாசம் காட்டுவதை அணையுங்கள்.
- ஆடும்போது நகர்த்தல் பட்டியல் தெரியக் கூடாது. கடைசி நகர்த்தலின் இரு கட்டமும் நிறம் மாறுவது மட்டும் இருக்கட்டும். இதில் காயின் பெயர் தெரியாது, எங்கிருந்து வந்தது என்று தெரியும். சிப்பாய்64 சொன்ன குதிரைக் குழப்பம் இதனால் குறையும்.
- ஒலியை அணையுங்கள். வெட்டும்போது வரும் சத்தம் வேறு, சும்மா நகரும்போது வரும் சத்தம் வேறு.
- மவுஸால் ஒரு கட்டத்தைத் தொட்டால், அங்கே தன் காய் இருந்தால் மட்டுமே நிறம் மாறும். தடவிப் பார்த்தே நிலையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே விசைப்பலகையில் நகர்த்தலைத் தட்டச்சுச் செய்யும் வசதியைப் போட்டு, மவுஸை எடுத்துவிடுங்கள்.

இவையெல்லாம் ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனி அமைப்பு. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ஆறு திரையையும் ஒருவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

கறுப்புக்கட்டம்

மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஒலி விஷயம் யோசித்தே பார்த்திருக்க மாட்டோம். இரண்டு சந்தேகம். விதிக்குப் புறம்பான நகர்த்தலைத் தட்டினால் என்ன தண்டனை? மொத்தப் புள்ளி சமமானால் என்ன செய்வது?

நடுவர்_மேசை

கணினி அந்த நகர்த்தலை ஏற்காது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். போகிற நேரம்தான் முதல் தண்டனை. ஆனால் ஒரு நகர்த்தல் மறுக்கப்பட்டாலே ஆட்டக்காரருக்கு ஒரு தகவல் கிடைத்துவிடுகிறது: "அந்த வழியில் ஏதோ காய் நிற்கிறது." வேண்டுமென்றே சோதித்துப் பார்ப்பதைத் தடுக்க ஒரு வரம்பு வேண்டும். ஒரு ஆட்டத்தில் மூன்று முறை வரை விடுங்கள், நான்காவதில் ஆட்டம் எதிராளிக்கு. சாதாரண ரேபிட்டில் முதல் தவறுக்கு எதிராளிக்கு 2 நிமிடம், இரண்டாவதற்குத் தோல்வி என்ற ஃபிடே (உலக சதுரங்கக் கூட்டமைப்பு) விதியை இங்கே அப்படியே கொண்டுவந்தால் பாதி ஆட்டம் 20-ஆவது நகர்த்தலிலேயே முடிந்துவிடும். தட்டச்சுப் பிழையையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். "கட்டமே இல்லாத பெயர்" என்றால் பிழை, "கட்டம் உண்டு, காய் போக முடியாது" என்றால் தவறான நகர்த்தல். ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் தாளில் கோடு போட்டுக் குறிக்கட்டும்.

சமம் ஆனால் பகிர்ந்து கொடுங்கள். ஆம்பரில் 2010-இல் கார்ல்சனும் இவான்சுக்கும் தலா 14.5 எடுத்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், 2004-இல் கிராம்னிக்கும் மொரோசெவிச்சும். பரிசையும் மூன்றாகப் பிரியுங்கள்: இரண்டு பிரிவுக்கும் தனித்தனி, மொத்தத்துக்கு ஒன்று. ரேபிட்டில் பின்தங்கியவர் கடைசிச் சுற்று வரை பலகை பார்க்காத பிரிவுக்காகப் போராடுவார்.

சிப்பாய்64

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. திரையில வெறும் பலகை தெரியறது சிலருக்கு உதவும், சிலருக்கு இடைஞ்சல். அதைப் பார்த்தா மனசுல இருக்கிற காய்கள் கலைஞ்சிடும், அவங்க சுவரையோ கூரையையோ பார்ப்பாங்க. அதனால லேப்டாப் மூடியைச் சாய்ச்சு வைக்கவும் நாற்காலியைத் திருப்பிக்கவும் அனுமதி கொடுங்க. ஆனா பக்கத்து மேசையில காய் அடுக்கின பலகை எதுவும் கண்ணுல படக் கூடாது. ரேபிட் செட்டை முதல் ஆட்டம் முடியற வரைக்கும் பெட்டியிலேயே வைங்க.