இன்லைன் வந்த பிறகும் ஏன் இந்தப் பழைய சைட்லாக்?

மலையேறி (திரியைத் தொடங்கியவர்):
பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் ஃபிளின்ட்லாக் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டை சீசன் தொடங்கும். அலுவலக நண்பர் ஒருவர் என்னையும் கூட்டிப்போனார். காலையிலிருந்து பனியில் நின்றோம். மூன்று மணிக்கு ஒரு மான் வந்தது, நாற்பது கஜம் இருக்கும். அவர் விசையை இழுத்தார். 'டிக்'. அவ்வளவுதான். மான் எங்களைப் பார்த்தது, மெதுவாக நடந்து போய்விட்டது. மனிதர் சிரிக்கிறார்!
குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற மசில்லோடர்தான் வேண்டுமென்றால் இன்லைன் இருக்கிறதே. குழலுக்கு நேர் பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் 209 பிரைமர், மேலே ஸ்கோப், தூறலுக்கும் அசராது. பக்கவாட்டில் குதிரையும் (விசையை இழுத்ததும் வந்து அடிக்கும் சுத்தி) சக்கிமுக்கிக் கல்லுமாக இந்தச் சைட்லாக்கில் பழம்பெருமையைத் தவிர என்ன இருக்கிறது?

கருமருந்து:
அந்த சீசனே எதற்காக வந்தது என்று உங்கள் நண்பர் சொல்லவில்லையா? 1974-இல் அதைத் தொடங்கியதே ஃபிளின்ட்லாக்குக்காகத்தான். ஸ்கோப் கிடையாது. கஷ்டப்பட்டு வேட்டையாடுகிறேன் என்று கையைத் தூக்கியவர்களுக்குக் கொடுத்த கூடுதல் நாட்கள் அவை. இன்லைன் பிரபலமானது 1985-இல் மிசௌரிக்காரர் டோனி நைட் எம்கே-85 கொண்டுவந்த பிறகு. பழைய துப்பாக்கிக்குக் கிடைத்த சலுகையை நவீனத் துப்பாக்கி பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டது என்பது என் கணக்கு. ஐடஹோ மாநிலம் மசில்லோடர் சீசனில் 209 பிரைமரையே அனுமதிப்பதில்லை. பற்றவைக்கும் பகுதி வெளியே தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது.

நேர்க்கோடு:
பின்வாசலா? பென்சில்வேனியாவிலேயே அக்டோபர் மசில்லோடர் வாரத்தில் கொம்பில்லாத மானுக்கு இன்லைன் செல்லும். சட்டம் முன்வாசலைத்தான் திறந்திருக்கிறது, அண்ணா.
எனக்கு மானைப் பற்றித்தான் கவலை. 'டிக்' என்றால் மான் தப்பிவிட்டது, சரி. ஆனால் ஃபிளின்ட்லாக்கில் விசையை இழுத்ததும் முதலில் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கும் சிறு கிண்ணத்து மருந்து எரிய வேண்டும், அந்தத் தீ ஓட்டை வழியே குழலுக்குள் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் குண்டு கிளம்பும். கிண்ணம் பளிச்சென்றதும் கை ஆடினால் குண்டு வயிற்றில் படும். அந்த மானைத் தேடி இரவெல்லாம் அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. அதன் பிறகுதான் இன்லைனுக்கு மாறினேன். அழகுக்காக ஒரு மிருகம் வதைபட வேண்டுமா?

கருமருந்து:
நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். கை ஆடுவது பயிற்சியில் சரியாகும். சரியாகும்வரை காட்டுக்குப் போகக் கூடாது. 50 காலிபரில் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) துணி சுற்றிய 0.490 அங்குல ஈயக்குண்டு போடுகிறவன் எழுபது கஜத்துக்கு மேல் சுட நினைக்கவே மாட்டான். உருண்டைக் குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், அது அவனுக்குத் தெரியும். ஸ்கோப் வைத்த இன்லைன்காரர் இருநூறு கஜத்தில் ஆசைப்படுகிறாரே, காயம்பட்டு ஓடும் மான் அங்கே இல்லையா?
'டிக்'குக்கு வருவோம். குதிரையின் தாடையில் கல்லைத் தோல் துண்டு சுற்றி இறுக்குவோம். அதன் விளிம்பு எஃகுத் தகட்டைச் சீவும்போது சிதறும் இரும்புத் துகள்தான் எரிந்துகொண்டே கிண்ணத்தில் விழுகிறது. விளிம்பு மழுங்கினாலோ, தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ பொறி வராது. பனிநாளில் கிண்ணத்து மருந்து ஈரம் குடிக்கும். நான் அரை மணிக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவேன். லாக்கின் (குதிரை, தகடு, கிண்ணம் எல்லாம் சேர்ந்த பகுதி) மேல் மெழுகு தடவிய தோலுறை ஒன்றும் கட்டுவேன். அதற்கு ஆங்கிலத்தில் மாட்டு முழங்கால் என்று பெயர்! இதையெல்லாம் செய்துகொண்டு நின்றால் எட்டு மணி நேரம் போவதே தெரியாது.

நேர்க்கோடு:
மருந்து போடாமல் குண்டை மட்டும் கெட்டித்ததுண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

கருமருந்து:
உண்டு. மூன்று முறை. மூன்றாவது முறை மாமனார் முன்னால். ஓட்டை வழியாக ஊசிமுனையால் துளித்துளியாக மருந்தை உள்ளே தள்ளி, சுட்டு வெளியேற்றினேன். இருபது நிமிடம். உங்கள் இன்லைனில் பின்மறையைக் கழற்றித் தள்ளிவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். கழுவுவதிலும் நீங்கள்தான் ஜெயிக்கிறீர்கள்.

மரவேலை:
நான் வேட்டைக்காரன் இல்லை, அதனால் வேறு கோணம். லான்காஸ்டர் பக்கத்து அருங்காட்சியகத்தில் ஒரு பழைய லாங் ரைபிளைப் பார்த்துவிட்டு அரை நாள் அங்கேயே நின்றேன். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்கள் தங்கள் நாட்டுக் குட்டை, கனத்த யேகர் துப்பாக்கியை மெல்ல நீட்டி, காலிபரைக் குறைத்து, ஈயத்தை மிச்சப்படுத்திச் செய்தவை அவை. அலையலையாக வரி ஓடும் மேப்பிள் மரம். அந்த மரத்தில் லாக் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள், உலோகத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. கையுளியால் செதுக்கியது. கிட் வாங்கி நானும் ஒன்று செய்கிறேன். அந்த ஒரு பள்ளத்துக்கு மட்டும் ஆறு வார இறுதிகள் போயின. இன்லைனில் இப்படிச் செதுக்க என்ன இருக்கிறது?

நேர்க்கோடு:
மரவேலை சார், உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு 'பாரம்பரியம்' என்பவர்களோடுதான் சண்டை. 1970-இல் தாம்சன் சென்டர் நிறுவனம் விற்கத் தொடங்கிய 'ஹாக்கென்' துப்பாக்கி இருக்கிறதே, உள்ளே நவீனச் சுருள் வில். செயின்ட் லூயிஸில் ஹாக்கென் சகோதரர்கள் மலைவேட்டைக்காரர்களுக்குச் செய்த துப்பாக்கிக்கும் அதற்கும் பெயர்தான் ஒற்றுமை. பாதிப் பேர் காதலிப்பது 1830-ஐ இல்லை, 1970-ஐ!

கருமருந்து:
ஹா ஹா. என் முதல் துப்பாக்கி அதுதான். ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியே கழன்று வரும், வெந்நீர் வாளியில் பின்பக்கத்தை முக்கிப் பம்பு அடிப்பதுபோலத் துணியை ஏற்றி இறக்கினால் கறுப்புத் தண்ணீராக வரும், முட்டை அழுகிய கந்தக வாடையோடு. மனைவி வாளியைத் தனியாகவே வைத்துவிட்டாள். 1970 என்றால் 1970, எனக்கு அது போதும்.

சும்மா வந்தவன்:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊரில் பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் இதே சைட்லாக்தான், கல்லுக்குப் பதில் கேப் (குதிரை அடித்ததும் வெடித்துத் தீ தரும் சிறு உலோக மூடி). தாத்தா பன்றி விரட்ட வைத்திருந்தார். மழைக்காலத்தில் அதைத் திட்டாத நாளில்லை. வேறு வழியில்லாதவன் கையில் அது தொல்லை, வேறு வழி இருக்கிறவன் கையில் கலை. அமெரிக்காவிலும் அப்படித்தானே? அந்தக் காலத்து மலைவேட்டைக்காரனிடம் இன்லைன் கொடுத்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பான்?

கருமருந்து:
பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பான். அது நிச்சயம். ஆனால் அவன் பசிக்குச் சுட்டான். எனக்கு வீட்டில் சாம்பார் காத்திருக்கிறது. தோற்றுத் திரும்ப எனக்கு வசதி இருக்கிறது, அதைத்தான் அனுபவிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மலையேறி:
நண்பரிடம் கேட்டேன். கல் மழுங்கியிருந்ததாம், காலையிலேயே தெரியுமாம், மாற்றச் சோம்பல்! அடுத்த சனிக்கிழமை சுடுதளத்துக்கு வா, நீயே சுட்டுப்பார் என்கிறார். ஒரு சந்தேகம். நான் இடதுகைக்காரன். அவருடைய லாக் வலதுபக்கம். கிண்ணம் என் முகத்துக்கு நேரே அல்லவா எரியும்?

கருமருந்து:
எரியும். கண்ணாடி கட்டாயம், முழுக்கைச் சட்டையும் போடுங்கள். பிடித்துப்போனால் இடதுபக்க லாக் வைத்ததே விற்கிறார்கள், தேடித் தருகிறேன்.

நேர்க்கோடு:
என் இன்லைனில் இடது, வலது கிடையாது. சும்மா சொல்லிவைத்தேன்.