யாழ் நூலகம் எரிந்த நாட்கள்: பார்த்தவர்களும் தப்பியவர்களும் சொல்வது

ஆரியகுளத்தான்:

ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒருவர் எரிந்த நூலகத்தின் படத்தைப் போட்டு, 97,000 புத்தகங்கள் என்று எழுதுவார். கீழே நாலு பேர் துக்கம் சொல்வார்கள். பிறகு அடுத்த ஜூன் வரைக்கும் சத்தமே இருக்காது. அது எரிந்த வருஷம் நான் ஏ.எல். (உயர்தர வகுப்பு) படித்துக்கொண்டிருந்தேன். நினைவில் உள்ளதை எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: புத்தகத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

1981 மே 31, ஞாயிற்றுக்கிழமை. மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் ஜூன் 4 அன்று. நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பிரசாரக் கூட்டம். அங்கே நின்ற பொலிஸ்காரர்கள் மீது சூடு விழுந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். அன்றிரவே தொடங்கிவிட்டது. தேர்தல் கடமைக்கென்று தெற்கிலிருந்து கொண்டுவந்த பொலிஸாரைத் துரையப்பா விளையாட்டரங்கில் தங்கவைத்திருந்தார்கள். அரங்கு நூலகத்துக்குக் கிட்டத்தான் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூட்டணி அலுவலகம் எரிந்தது. யோகேஸ்வரன் எம்.பி.யின் வீடு, பூபாலசிங்கம் புத்தகசாலை, ஈழநாடு பத்திரிகை அலுவலகம், வரிசையாகக் கடைகள். தெருவில் நின்ற சிலைகளைக்கூட விடவில்லை. நாலு பேரை வீட்டிலிருந்து வெளியே இழுத்துக் கொன்றார்கள். ஜூன் 1 இரவு நூலகம்.

எங்கள் வீட்டில் படலையைப் பூட்டி, விளக்கை அணைத்துவிட்டு இருந்தோம். அந்தப் பக்கம் வானம் சிவந்ததைப் பார்த்து, மிச்சக் கடைகளையும் கொளுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தோம். நூலகமாக இருக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை ஏன் ஒருவன் கொளுத்த வேண்டும்? காலையில் சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டு அண்ணை சொன்னபோது அப்பா நம்பவில்லை, அவரை ஏசியே விட்டார்.

அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். இதற்காக ஒருவனும் தண்டிக்கப்படவில்லை. 97,000 எல்லாருக்கும் மனப்பாடம். அந்த நாலு பேரின் பெயரை எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? எனக்கும் தெரியாது.

அச்சுக்கூடத்து மகள்:

என் அப்பா அச்சுக்கோர்ப்பவர். எந்த அச்சகம் என்று சொல்லவில்லை, ஆனால் ஈழநாட்டில் வேலை செய்த பலரை அவருக்குத் தெரியும். நூலகம் எரிந்ததை விட அந்தப் பத்திரிகை எரிந்ததைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். பொடிச்சியாக இருந்த எனக்கு அது விசித்திரமாக இருக்கும். கட்டடத்தில் பார்த்தால் நூலகம் எவ்வளவு பெரியது!

அவர் சொல்லும் கணக்கு வேறு. கொழும்புப் பத்திரிகைகள் யாழ்ப்பாணத்தில் நடந்ததைப் போடவில்லை. போடக்கூடிய பத்திரிகை யாழ்ப்பாணத்திலேயே அச்சாகிக்கொண்டிருந்தது. அதையும் கொளுத்தியாகிவிட்டது. இனி யார் எழுதுவது? நூலகம் எரிந்ததை அடுத்த நாள் காலை ஊருக்குச் சொல்ல வேண்டிய பத்திரிகை சாம்பலாகக் கிடந்தது. வந்தவர்கள் வெறியில் கண்மண் தெரியாமல் கொளுத்தினார்கள் என்று யாராவது சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். கட்சி அலுவலகம், எம்.பி. வீடு, பத்திரிகை, புத்தகக்கடை, நூலகம். கண்மண் தெரியாதவன் இப்படித் தெரிந்து தெரிந்து கொளுத்துவானா என்பார்.

அதே வேலை பிறகும் நடந்தது. 2006 மே 2 அன்று உதயன் அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். 2013 ஏப்ரலில் அங்கே அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். அப்போது அப்பா உயிரோடு இல்லை.

சுன்னாகம் வாத்தியார்:

தங்கச்சி சொன்னது சரி. நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன், ஒன்றில் கொஞ்சம் கசப்பு இருக்கும்.

எதை இழந்தோம் என்பதைச் சரியாகச் சொல்லப் பழக வேண்டும். யாழ்ப்பாணத்தின் வரலாறு சொல்லும் பழைய நூல் ஒன்றைப் பற்றி, “யாழ்ப்பாண வைபவமாலையின் உலகத்திலேயே ஒரே பிரதி எரிந்துவிட்டது” என்று எழுதுகிறார்கள். அந்த நூல் 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்டது, இன்றும் வாங்கலாம். எரிந்தது ஏடும் கையெழுத்துப் படியும். அதுவே பேரிழப்புத்தான், கூட்டிச் சொல்லத் தேவையில்லை. கூட்டிச் சொன்னால், அதில் ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பொய் என்பவனுக்கு நாமே வழி விடுகிறோம். நின்றுபோன பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் கட்டுகள், உதயதாரகை என்ற பழைய பத்திரிகையின் நுண்படச் சுருள்கள், ஆனந்த குமாரசுவாமியின் சேகரிப்பு என்று உள்ளதைச் சொன்னாலே போதும்.

இன்னொன்று, அது அரசாங்கம் கட்டித் தந்த நூலகம் இல்லை. க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டில் தொடங்கியது. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி வீதியில் ஓர் வாடகை அறைக்கு வந்தபோது 844 புத்தகங்கள் இருந்தன. பிறகு பாதிரியார் லோங் போன்றவர்கள் அலைந்து பணம் சேர்த்தார்கள். கட்டடத்துக்குச் சென்னையிலிருந்து நரசிம்மன் வந்து வரைபடம் போட்டார், நூலக அமைப்புக்கு எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். ஊர்ச்சனம் காசு போட்டுக் கட்டியது.

தாவீது அடிகளைப் பற்றி எல்லாரும் அறிந்திருப்பீர்கள். பத்திரிசியார் கல்லூரி மாடியில் நின்று நூலகம் எரிவதைப் பார்த்தார், அந்த அதிர்ச்சியிலேயே இறந்தார். பல மொழி கற்ற அறிஞர். என் கணக்கில் அவரையும் அந்த நாலு பேரோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

என் வீட்டில் அந்த நூலகத்துப் புத்தகம் ஒன்று இருக்கிறது. இலக்கண நூல். மே மாதம் இரவல் எடுத்தது, தவணை கடந்துவிட்டது, சோம்பலில் திருப்பிக் கொடுக்கவில்லை. அதனால் தப்பியது. 1984இல் ஒரு பகுதியைத் திருத்தித் திறந்தபோது கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று வெளிக்கிட்டு, பாதி வழியில் மனம் கேட்காமல் திரும்பிவிட்டேன். அது நல்லதாய்ப் போயிற்று, பிறகு யாழ் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அந்தக் கட்டடம் ஷெல்லடியில் மறுபடியும் சிதைந்தது. இப்போது கொடுத்தால் தண்டப்பணம் எவ்வளவு வரும் என்று மருமகள் கேலி செய்வாள்.

லயத்துப் பிள்ளை:

வாத்தியார் ஐயா, உங்கள் நாலு பேரோடு எங்கள் ஆட்களையும் எண்ணுங்கள். 1981 ஜூனில் நூலகம். ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கம் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் எங்கள் லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, அடித்தார்கள். யாழ்ப்பாணத்தை நாங்கள் கண்ணாலும் கண்டதில்லை. என் பெற்றோர் எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள். எரிந்த நூலகத்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதே வவுனியாவுக்கு ஓடிப்போன பிறகு, அங்கே முகாமுக்கு உதவ வந்த பொடியள் சொல்லித்தான்.

“முதலில் புத்தகத்தை எரிப்பார்கள், பிறகு மனிதரை” என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். எங்களுக்கு அப்படி வரிசையாக நடக்கவில்லை. 1958, 1977 கலவரங்களில் முதலில் மனிதரைத்தான் எரித்தார்கள். அதற்கு எவனும் கணக்குக் கொடுக்கவில்லை என்று கண்ட பிறகுதான் நூலகத்தில் கை வைக்கத் துணிந்தார்கள். நூலகத்துக்கும் எவனும் தண்டிக்கப்படவில்லை என்றதும் 1983 கலவரம் வந்தது.

அளவெட்டி அக்கா:

எங்கள் வீட்டில் புத்தகம் எரித்தது அம்மா.

என் பெரியண்ணன் வாசிப்புக்காரன். ஆயுத இயக்கங்கள் பல இருந்த காலம், ஒவ்வொன்றும் சஞ்சிகை, துண்டுப்பிரசுரம், மொழிபெயர்ப்புப் புத்தகம் என்று போடும். எல்லாவற்றையும் வாங்கிவந்து றங்குப்பெட்டியில் அடுக்குவான். ஆமி வந்தால் என்ன செய்வது என்று அம்மா முதலில் சிலதை உரப்பையில் சுற்றி வைக்கோல் போருக்குள் தள்ளினார். அது ஆமிக்குப் பயந்து. 1986இல் புலிகள் டெலோ இயக்கத்தை அடித்து, பிறகு மற்ற இயக்கங்களையும் தடை செய்தபோது, யாருடைய எழுத்து யார் கண்ணில் பட்டால் ஆபத்து என்று அம்மாவுக்குப் புரியவில்லை. அவருக்கு அட்டையில் உள்ள சின்னம் மட்டும்தான் தெரியும். எந்தச் சின்னம் இன்றைக்கு ஆகாத சின்னம் என்று தங்கச்சியையும் என்னையும் கேட்பார். எங்களுக்கு என்ன தெரியும்?

கடைசியில் ஒன்றும் பாராமல் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். ஒரே நாளில் எரித்தால் புகை வரும், அயல் கேட்கும் என்று சமைக்கிற நேரத்தில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. பாரமான அட்டை சுலபத்தில் பிடிக்காது, கிழித்துப் போட வேண்டும். கிழித்தது நான். அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னுடைய ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் அந்த அவசரத்தில் போய்விட்டது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினேன். இந்திய ஆமி வந்தபோது வீட்டில் ஒரு தாள்கூட இல்லை. சோதிக்க வந்தவன் படித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏன் ஒரு புத்தகமும் இல்லை என்று அதற்கும் சந்தேகப்பட்டான்.

நூலகம் எரித்தவர்களை அம்மா வாழ்நாள் முழுக்கத் திட்டினார். தான் எரித்ததைப் பற்றிக் கேட்டால், “என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானோ இல்லையோ” என்பார். இருக்கிறான், நோர்வேயில்.

சோனகதெரு:

சுருக்கமாக எழுதுகிறேன். 1990 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். வழியில் சோதனை, நகையையும் காசையும் எடுத்தார்கள். வாப்பா அரபுத் தமிழ் கிதாபுகளை, அரபு எழுத்தில் எழுதிய தமிழ்ப் புத்தகங்களை, ஒரு பையில் கட்டியிருந்தார். உம்மா அதை இறக்கி வைத்துவிட்டு என் தம்பியைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். புத்தளத்தில் அகதியாகப் பதிந்தபோது, என்னென்ன விட்டு வந்தீர்கள் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். வாப்பா வீடு, கடை என்று எழுதினார், கிதாபுகளை எழுதவில்லை. நூலகத்துக்காக அழுகிற ஊரில் எங்கள் வீட்டு அலமாரிக்கு என்ன ஆனது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பாரிஸ்வாசி:

சோனகதெரு நண்பருக்குத் தலைகுனிகிறேன். இதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது போல. நூலகத்தைத் திறந்துவைத்த துரையப்பாவை 1975இல் சுட்டது யார்? 1981இல் வீடெரிந்து உயிர் தப்பிய யோகேஸ்வரனை 1989இல் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தோடு சேர்த்துச் சுட்டது யார்? புலிகள்தான். அதே வருஷம் கொல்லப்பட்டார் யாழ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம, கையில் பேனாவைத் தவிர வேறொன்றும் இல்லாதவர். கவிஞர் செல்வியை 1991இல் பிடித்துச் சென்றவர்கள் திருப்பி அனுப்பவேயில்லை.

இங்கே பாரிஸில் 1994 மே 1 அன்று சபாலிங்கத்தை அவர் வீட்டிலேயே சுட்டார்கள். புத்தகம் போடுகிற ஆள். நாங்கள் சிறு சஞ்சிகை நடத்திக்கொண்டிருந்தோம். அதற்கு அடுத்த வாரம் எங்கள் இதழை வழக்கமாக வாங்கி வைக்கும் தமிழ்க் கடைக்காரர், கட்டை அப்படியே திருப்பித் தந்தார். “தம்பி, எனக்குப் பிள்ளைகள் இருக்கு” என்றார். யாரும் அவரை மிரட்டவில்லை, மிரட்டத் தேவையும் இருக்கவில்லை. அந்த இதழில் இருந்தது பெரும்பாலும் கவிதைகள்.

ஆரியகுளத்தான்:

பாரிஸ் அண்ணை, நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அரசாங்கத்தின் சம்பளம் வாங்கும் பொலிஸ், சீருடையோடு, அமைச்சர்கள் ஊரில் இருக்கும்போது செய்தது வேறு.

பாரிஸ்வாசி:

வேறுதான். செத்தவனுக்கு எப்படி வேறு என்று மட்டும் சொல்லுங்கள்.

ஸ்கேன் செய்பவன்:

நான் 1981க்குப் பிறகு பிறந்தவன், அதனால் நினைவு ஒன்றும் இல்லை, வேலைதான் இருக்கிறது. பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் தன்னார்வலர்களில் ஒருவன். 2005இல் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டம் தொடங்கிய பிறகு இந்த மாதிரி வேலைக்கு ஊரில் ஒரு மரியாதை வந்திருக்கிறது. அண்ணைமார் இரண்டு பேரும் ஆறுதலாகச் சண்டை பிடியுங்கள், இடையில் சொல்லிவிடுகிறேன்: 2003இல் திருத்திய நூலகத்தைத் திறக்க நாள் குறித்தபோது, திறக்கவிடாமல் நெருக்கியது புலிகள் தரப்பு. மாநகர சபை உறுப்பினர்கள் கூட்டாக ராஜினாமா செய்தார்கள். கடைசியில் விழா இல்லாமல்தான் கதவு திறந்தது.

அளவெட்டி அக்கா சொன்ன மாதிரியான சஞ்சிகைகளில்தான் எங்களுக்கு ஓட்டை அதிகம். 1984, 1985 இதழ்கள் வரும், 1986க்குப் பிறகு இடையிடையே காணாது. யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன், அடுப்பில் போனது என்று இப்போது விளங்குகிறது. 1981 மே கடைசி, ஜூன் முதல் வாரத்துப் பத்திரிகை எதுவாயிருந்தாலும், அரைத் தாள் என்றாலும் எங்களுக்கு வேண்டும். கொல்லப்பட்டவர்களின் பெயர், வயது, ஊர் தெரிந்தவர்களும் எழுதுங்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப் பார்த்துத்தான் பதிவோம்.

வாத்தியார் ஐயா, அந்த இலக்கண நூலை ஒரு நாளைக்குத் தந்தால் போதும், ஸ்கேன் செய்து திருப்பித் தருகிறேன். தண்டப்பணம் கேட்க மாட்டோம். மற்றவர்களுக்கு ஒன்று: ஈரம் பட்ட கட்டுகளைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி அனுப்பாதீர்கள், பூஞ்சணம் பிடித்து வருகிறது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, கடதாசிப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.