ஸ்ரீவில்லிபுத்தூரில் கிடைத்த கருப்பட்டி மிட்டாய்

குற்றாலச் சீசனுக்குக் காரில் செல்பவர்களில் பலர் திருமங்கலத்தில் நான்குவழிச் சாலையை விட்டுப் பிரிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசியை அடைவது வழக்கம். நாங்களும் கடந்த ஆனியில் அவ்வழியே சென்று, ஆண்டாளைத் தரிசித்துவிட்டுப் பால்கோவா வாங்குவதற்காகக் கடைத்தெருவுக்கு வந்தோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவாவின் பெருமையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் சொல்ல வந்தது, சற்றுத் தள்ளி ஒரு சிறிய மிட்டாய்க் கடையின் வாசலில் எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பற்றி.

பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவை, நடுவில் துளையிட்ட துணியில் முடிந்துகொண்டு, ஒரு பெரியவர் காயும் எண்ணெயில் வட்டம் வட்டமாகப் பிழிந்துகொண்டிருந்தார். வெந்து உப்பிய வளையங்களைக் கம்பியால் கோத்தெடுத்து, பக்கத்துச் சட்டியில் சுக்கும் ஏலமும் மணக்கும் கருப்பட்டிப் பாகில் அமிழ்த்தினார். குழல் போன்ற உட்புறம் முழுவதும் பாகு ஏறிக்கொள்ள, மேல்தோல் மட்டும் மொறுமொறுப்பாகவே நின்றது. விருதுநகர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலின்போது தாத்தா பனையோலைப் பெட்டியில் வாங்கித் தந்த அதே மிட்டாய்! கடித்தவுடன் பாகு முழங்கைவரை வழியும் என்பதால், சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் எங்களைத் தின்ன விடுவார் ஆச்சி.

சென்னையில் இதே பெயரில் கிடைப்பதை வாங்கிப் பலமுறை ஏமாந்திருக்கிறேன். அவற்றில் இனிப்பு இருந்ததே தவிர, பதநீரைக் காய்ச்சும்போது ஏறும் அந்த மெல்லிய புகைவாசம் இருந்ததில்லை. இதைப் பெரியவரிடம் சொன்னபோது, “கருப்பட்டி விக்கிற வெலைக்கு யாரும்மா முழுசா போடுவாங்க? பாதி சீனிதான். நான் போடுறதால எனக்கு நாலு காசு கம்மி, அவ்வளவுதான்” என்று சிரித்தார். கருப்பட்டியை உடைத்துக் கரைத்து, மண்ணும் சுண்ணாம்பும் தங்காதபடி வடிகட்டிய பிறகுதான் பாகு காய்ச்ச வேண்டும் என்பதால், வேலையும் அதில் கூடுதல் என்றார்.

என் மகளுக்கோ அருகில் வெள்ளையாக அடுக்கி வைத்திருந்த சீனி மிட்டாய்தான் பிடித்தது. ஜிலேபி தின்று வளர்ந்த நாக்கு. அதை நான் குறை சொல்லவில்லை, எனக்குரிய பங்கு கூடிற்று என்றே எடுத்துக்கொண்டேன்.

அவ்வழியே செல்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். பால்கோவாவைப் போல ஊருக்குக் கட்டிக்கொண்டு போகும் பண்டமன்று இது. மறுநாளே மொறுமொறுப்பு இறங்கிவிடும். நாங்கள் கட்டி வாங்கிய அரைக்கிலோ, ராஜபாளையம் தாண்டுவதற்குள் காரிலேயே தீர்ந்துவிட்டது.