ஆல்டோவில் நிற்கக் கற்றுக்கொண்ட கதை

பாளையங்கோட்டைப் பக்கம் கோயில் (சர்ச்) கொயரில், அதாவது பாடகர் குழுவில், வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கீர்த்தனை என்றால் எல்லோரும் ஒரே மெட்டில் சேர்ந்து பாடுவோம். மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு வந்தால் கொயர் நான்காகப் பிரியும்: பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். சபைக்குத் தெரிந்த மெட்டு சோப்ரானோவிடம் இருக்கும். அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோருக்கும் சோப்ரானோதான் வேண்டும். என் குரல் தாழ்ந்த குரல், ஆல்டோவில் நிறுத்தினார்கள்.

ஆல்டோ வரியைத் தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது. ஒரே ஸ்வரத்தில் நாலைந்து எழுத்து நிற்கும், பிறகு ஒரு படி இறங்கும், மறுபடி அங்கேயே வந்து நிற்கும். வீட்டில் பாடினால் என்ன பாட்டு என்று அம்மாவுக்கே தெரியாது. ஆனால் பல இடங்களில் ‘க’ என்கிற மூன்றாம் ஸ்வரம், காந்தாரம், ஆல்டோவிடம்தான் இருக்கும். அந்த ஒரு ஸ்வரத்தை எடுத்துவிட்டால் மேஜரா மைனரா (காந்தாரம் கூடியதா குறைந்ததா) என்று தெரியாமல் பாட்டு வெறிச்சென்று ஆகிவிடும்.

எங்களுக்கு டோ ரே மி எழுத்தில்தான் பார்ட் (அவரவர் குரலுக்கான வரி) எழுதிக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கிய முறையை ஜான் கர்வென் 19-ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தார். நம் ஸட்ஜம் போலவே இதிலும் டோ எந்தச் சுருதியிலும் இருக்கலாம். பாட்டு வகுப்பில் சரளி வரிசை படித்த பிள்ளைகள் அதனால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சிரமம் வேறு இடத்தில் இருக்கும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் தானாக வந்துவிடும். தனிப்பாட்டுக்கு அது உயிர். நான்கு குரல் சேரும் இடத்தில் ஒரு குரல் அசைந்தாலும் சேர்க்கை கலைந்துவிடும். ஸ்வரத்தை நேராகப் பிடித்து நிற்கப் பழக வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லா ஆல்டோவும் செய்வதையே நானும் செய்தேன். சோப்ரானோ பக்கம் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க ஒரு காதைப் பொத்திக்கொள்வேன். பக்கத்தில் நின்ற மூத்த அக்கா ஒரு நாள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். “ஏட்டி, காதப் பொத்திட்டுப் பாடுனா ஒன் பார்ட்டு ஒனக்கு வரும். வந்து என்ன செய்ய? சேர வேண்டாமா?” என்றார். அப்புறம் சோப்ரானோவை விட்டுவிட்டு பேஸ் பாடுகிறவர்களோடு மட்டும் சேர்ந்து பாடச் சொன்னார். வேறு வேறு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஹார்மனி எனக்குப் பிடிபட்டது அங்கேதான். கீழே பேஸ் உறுதியாக நின்றால் என் ஸ்வரம் எங்கே இருக்க வேண்டும் என்று காதே சொல்லிவிடுகிறது. புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கொயர் நடத்திய அண்ணாச்சி இன்னொன்று செய்வார். கீபோர்டை நிறுத்திவிட்டுத் தம்புராவை மீட்டுவார். மந்தர ஸட்ஜத் தந்தியை உற்றுக் கேட்டால் உள்ளே அந்தர காந்தாரம் (கூடிய காந்தாரம்) தானாக ஒலிக்கும்; சுயம்பு காந்தாரம் என்பார்கள். கீபோர்டின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் அளவுக்குக் கூடுதல், அதாவது அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. “தந்தி குடுக்க காந்தாரத்தப் பிடி தாயி” என்பார். அந்த இடத்துக்குக் குரலைத் துளி இறக்கினால் நான்கு குரலும் ஒட்டிக்கொள்ளும், சத்தமே பெரிதாகும். ஆல்டோவுக்குள்ளேயே ஒருத்தி நொடிக்கு 440 அதிர்விலும் இன்னொருத்தி 442-லும் நின்றால் நொடிக்கு இரண்டு தடவை ஒலி ஏறி இறங்கும். பழகிய காதுக்கு அது உடனே தெரியும்.

உயிரெழுத்தும் முக்கியம். ‘தேவனே’ என்பதில் ஏகாரத்தை ஒருத்தி வாயை அகட்டியும் ஒருத்தி குறுக்கியும் சொன்னால், சுருதி சரியாக இருந்தும் சேராது. நீளமான அடியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காமல் ஆளுக்கொரு இடத்தில் வாங்க வேண்டும்.

இப்போது எங்களுக்குப் பெரிய கவலை டெனர்தான். பையன்கள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விடுகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போதுதான் கொயருக்கும் வருவார்கள். அதனால் நவம்பரிலேயே ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியாகப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறோம். டெனருக்குப் போகிற பதிவில் பேஸையும் மெதுவாகச் சேர்த்துவிடுவது என் ஏற்பாடு. தனிப் பார்ட்டை மட்டும் கேட்டுப் பழகி வந்தவர்களைவிட, பேஸோடு கேட்டுப் பழகியவர்கள் ஊருக்கு வந்த முதல் நாள் பயிற்சியிலேயே சேர்ந்துவிடுகிறார்கள்.