சுவிச் ஹான்ட்பிறேக் உள்ள காருக்கு வீட்டில் பின் பிறேக் பாட் மாற்றினேன்

காரைநகரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, கடலுக்குக் குறுக்கே போகிற பொன்னாலைத் தாம்போதி தாண்டிப் பிறேக் பிடித்த நேரம் பின்னால் இடப்பக்கத்தில் கரகரவென்று சத்தம். ஒரு கிழமையாகவே மெல்லிய கீச்சொலி இருந்தது, தூசி என்று விட்டுவிட்டேன். கரகரப்பு வந்தால் அது தூசி இல்லை, பிறேக் பாட் (சில்லோடு சுற்றுகிற டிஸ்க்கை நெருக்கிப் பிடிக்கிற கட்டை) தேய்ந்துவிட்டது. பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். வீடு வரும்வரை முப்பதுக்கு மேலே போகவில்லை.

என்னுடையது 2014 ஹொண்டா வெசல், ஹைபிரிட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இருக்கிற காரையே பேணிப் பேணி ஓட்டுகிறோம். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. ஆகவே இந்தக் காரில் யாரும் பிழையாகக் கைவைப்பதை நான் விரும்பவில்லை.

பயப்படக் காரணமும் இருந்தது. என் சிநேகிதனிடமும் இதே மாதிரிச் சுவிச் ஹான்ட்பிறேக் கார்தான். அதற்கு ஒரு கராஜில் பின் பாட் மாற்றினார்கள். பழைய கார்களுக்குச் செய்கிற மாதிரி ஜீ கிளாம்ப் (திருகி நெருக்குகிற இடுக்கி) போட்டு, பாட்டைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே நெருக்கியிருக்கிறார்கள். போகவில்லை என்றதும் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், பிஸ்டன் போய்விட்டது. அடுத்த நாள் சுவிச்சை இழுத்தால் மோட்டர் சுற்றுகிறது, பிறேக் பிடிக்கவில்லை. கடைசியில் கொழும்பில் பஞ்சிகாவத்தையிலிருந்து வேறு கலிப்பர் (பிஸ்டனும் பாட்டும் இருக்கிற கூடு) எடுப்பித்துத்தான் சரிப்படுத்தினான்.

அந்த 'டக்' என்னவென்று விளங்கினால் மிச்ச வேலை முழுக்க விளங்கிவிடும். இந்தக் கார்களில் கலிப்பரின் முதுகில் ஒரு சின்ன மோட்டர் பூட்டியிருக்கும். சுவிச்சை இழுத்தால் அது பற்சக்கரம் வழியாக ஒரு திருகுத் தண்டைச் சுற்றும். தண்டில் இருக்கிற நட் முன்னுக்கு வந்து பிஸ்டனை உள்ளிருந்து தள்ளும். பிறேக்கை விட்டால் நட் கொஞ்சந்தான் பின்வாங்கும். பாட் தேயத் தேய அதுவும் பிஸ்டனுக்குப் பின்னாலேயே முன்னுக்கு வந்து நிற்கும். அந்த நிலையில் கிளாம்ப் போட்டால் நீங்கள் நெருக்குவது பிஸ்டனை இல்லை, அந்த நட்டையும் பற்சக்கரத்தையும். முதலில் நட்டை அடிமட்டும் பின்னுக்கு எடுக்க வேண்டும். அதற்குத்தான் மெயின்ரனன்ஸ் மோட். கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்த ஸ்கேனரில் (காரின் கொம்பியூட்டரோடு இணைக்கிற கருவி) அது இருந்தது. பாட் செற்றை ஸ்ரான்லி வீதியில் வாங்கினேன்.

ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன்னம் தொடங்கினோம். ஹான்ட்பிறேக்கை விட்டபடிதான் இந்த வேலை. வெசலுக்கு முன் சில்லுதான் இழுக்கும், ஆகவே கியரைப் பார்க்கில் (P) போட்டு, முன் சில்லு இரண்டுக்கும் இரண்டு பக்கமும் சீமெந்துக் கல் வைத்தேன். ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்ராண்டும் வைத்தேன். பிஸ்டன் பின்னுக்குப் போனால் பிறேக் ஒயில் அதன் போத்தலில் மேலே ஏறும், வழிந்தால் பெயின்ரைத் தின்றுவிடும். ஊசிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டேன்.

ஸ்கேனரில் அழுத்தியதும் இரண்டு பக்கமும் 'ங்ஙீ' என்று சில விநாடி சுற்றி நின்றது. பற்றறி நல்ல நிலையில் இருக்க வேண்டும், பாதியில் விழுந்தால் சிக்கல். பிறகு காரை நிற்பாட்டினேன். ஸ்மார்ட் திறப்பு என்றபடியால் பொக்கற்றில் வைத்திருந்தால் போதாது, கார் அதை உணரும். அம்மாவிடம் கொடுத்து வீட்டுக்குள் அலுமாரியில் வைக்கச் சொன்னேன். கலிப்பருக்குள் என் விரல் இருக்கிற நேரம் ஒரு பிள்ளை காரை ஓன் பண்ணிச் சுவிச்சைத் தொட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம்.

கலிப்பரைக் கழற்றி, பிறேக் ஹோசில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிறிங்கோடு கட்டினேன். வெளிப்பக்கப் பாட்டில் ஐந்து மில்லிமீற்றர் நன்றாக இருந்தது. உட்பக்கப் பாட்டில் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஒரு கலிப்பரில் ஒரு பாட் மட்டும் இப்படித் தேய்ந்தால் குற்றம் பாட்டில் இல்லை. ஸ்லைட் பின்னை (கலிப்பர் வழுக்கி நகர்கிற இரும்புக் கம்பி, மேலே ஒன்று கீழே ஒன்று) பிடித்து அசைத்தேன், மேல் பின் வழுக்கிக்கொண்டு வந்தது, கீழ்ப் பின் அசையவே இல்லை. திருகித் திருகி இழுத்தபோது கிறீஸ் என்று ஒன்றும் இல்லை, கபில நிறக் கறள்தூள் உள்ளங்கையில் கொட்டியது. றப்பர் உறையின் விளிம்பில் நகக்கண் அளவு ஒரு வெடிப்பு. அதுவழியாகத்தான் தண்ணீர் போயிருக்கிறது. ஹைபிரிட்டில் பாதி வேகத்தைக் காரை ஓட்டுகிற மோட்டரே இழுத்துக் குறைத்துவிடும், டிஸ்க் பிறேக்குக்கு வேலை குறைவு. வேலை செய்யாத இரும்பு எங்கள் உப்புக் காற்றில் சும்மா இருக்குமா? பண்ணைப் பாலமும் பொன்னாலையும் அடிக்கடி ஓடுகிறவர்கள் பாட் தேயும்வரை காத்திராமல் வருடத்துக்கு ஒருதரம் இந்தப் பின்களைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெரிய பாடம் ஸ்கேனர் இல்லை, இந்தப் பின்தான்.

மெல்லிய மண்தாளால் கறளைத் துடைத்து, புது உறை போட்டு, பிறேக்குக்கென்றே வருகிற சிலிக்கோன் கிறீஸ் பூசினேன். சாதாரணக் கிறீஸ் றப்பரை ஊதவைத்துவிடும். டிஸ்க்கின் ஓரத்தில் ஆகக் குறைந்த தடிப்பு பொறித்திருந்தது, லேத் கடையில் வேனியர் இரவல் வாங்கி அளந்தேன், இன்னும் ஓடலாம். இப்போது அதே ஜீ கிளாம்பைப் போட்டால் பிஸ்டன் இரண்டு விரல் பலத்துக்கே உள்ளே போனது.

பூட்டி முடித்ததும் முதலில் பெடலைப் பல தடவை அழுத்திக் கல்லு மாதிரி இறுக வைத்தேன், பிறகுதான் மெயின்ரனன்ஸ் மோட்டிலிருந்து வெளியே வந்தேன். சுவிச்சை இழுத்து விட்டு, இழுத்து விட்டுச் சில தடவை. சில்லு நட் 108 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். பிடிக்கிறதா என்று பார்க்க யாழ்ப்பாணத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது? கல்லுகளை எடுத்து, நியூற்றலில் போட்டு, ஹான்ட்பிறேக்கை இழுத்துவிட்டு நானும் மச்சானும் பின்னாலிருந்து தள்ளினோம். அசையவில்லை. நல்ல சந்தோஷம்.

—

சுண்டிக்குளியிலிருந்து:

நல்ல பதிவு அண்ணை. என்னிடம் ரொயோட்டா சீ-எச்ஆர் ஹைபிரிட். ரொயோட்டா ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. திறப்பைத் தூரத்தில் வைத்தாலும் போதாது, சாரதிக் கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் விழித்துக்கொள்ளும். நான் ஒரு பக்கம் கலிப்பரைக் கழற்றி வைத்திருக்க, மகள் தண்ணீர்ப் போத்தல் எடுக்கக் கதவைத் திறந்தாள். 'ஊம்' என்று பம்ப் ஓடியது, என் கண்முன்னால் பிஸ்டன் ஊர்ந்து வெளியே வந்தது. பழைய பாட்டைக் குறுக்கே கொடுத்திருந்தபடியால் தப்பியது. இப்போது ஹான்ட்பிறேக் நட்டைப் பின்னுக்கு எடுத்து முடித்ததும் பன்னிரண்டு வோல்ற் பற்றறியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் பாட்டில் கைவைக்கிறேன்.

—

கோண்டாவிலிலிருந்து:

தம்பி, ஸ்கேனர் இல்லாதவர்கள் கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மோட்டரைக் கலிப்பரோடு பிடித்திருக்கிற இரண்டு போல்ற்றையும் கழற்றினால் மோட்டர் தனியாக வரும். உள்ளே தண்டின் நுனி தெரியும், அதைக் கையால் சுற்றி நட்டைப் பின்னுக்கு எடுக்கலாம். மெல்ல இறுகுகிற இடத்தில் நிற்பாட்டு, அதற்கு மேலே பலம் காட்டாதே. திரும்பப் பூட்டும்போது மோட்டரின் ஓ-றிங்கை (றப்பர் வளையம்) மாற்று. அது நசிந்தால் மழைத் தண்ணீர் மோட்டருக்குள் போகும், பிறகு மோட்டருக்கும் காசு. வலப்பக்க ஸ்லைட் பின்னும் பார்த்தாயா?

—

பார்த்தேன் ஐயா. வலப்பக்கத்திலும் கீழ்ப் பின்தான் இறுகத் தொடங்கியிருந்தது, உறை வெடிக்கவில்லை. துடைத்துப் பூசிவிட்டேன். அடுத்த ஞாயிறு முன் சில்லு இரண்டையும் கழற்றுகிறேன்.