ஷெக்கலுக்கு வில்தளை வேண்டாம், ஆடுகொளுவி எண்டு வைப்பம்

வணக்கம் எல்லாருக்கும்,

வாகனச் சாமான்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுற எங்கட பேச்சில, ஷெக்கலுக்கு (shackle, அடுக்குத் தகட்டு வில்லின்ர ஒரு முனையை செசியோட, அதாவது வண்டியின்ர அடிச்சட்டத்தோட, கொளுவிற தகட்டுச் சோடி) ஒரு அண்ணை இப்பிடி எழுதியிருந்தார்:

> ஷெக்கலுக்கு அகராதியில விலங்கு, தளை எண்டுதான் கிடக்கு. ஆனபடியா வில்தளை எண்டு வைச்சா என்ன?

அண்ணை, வில்தளையை என்னால ஒத்துக்கொள்ள ஏலாது. தளை எண்டா அசையவிடாமக் கட்டி வைக்கிறது, ஷெக்கல் அங்க இருக்கிறதே அசைய விடுறதுக்குத்தான். 1971 தொடக்கம் 1985 வரை வந்த லான்ட் றோவர் சீரிஸ் 3 ஒண்டுக்குக் கீழ படுத்துப் பாத்தா உடன விளங்கும். முன்வில்லின்ர முன்கண் (வில்லின்ர நுனியைச் சுருட்டிச் செய்த வளையம்தான் கண்) செசியின்ர நுனியில போல்ட் போட்டு ஒரே இடத்தில நிக்குது, பின்கண் மட்டும் ரெண்டு சின்னத் தகட்டுக்கு நடுவில இருக்குது, அந்தத் தகடுகளின்ர மற்ற முனை செசியில கிடக்கிற புஷ்ஷில (றப்பர் வைச்ச இரும்புக் குழாய்). சில்லு ஒரு மேட்டில ஏறேக்க வளைஞ்ச வில் நிமிரும், நிமிர்ந்தா ரெண்டு கண்ணுக்கும் இடையில தூரம் கூடும், கூடின தூரம் எங்கயாவது போகவேணுமெல்லோ, அதுக்குத்தான் அந்தத் தகடுகள் ஊஞ்சல் மாதிரிப் போய்ப்போய் வருது. ரெண்டு கண்ணையும் அசையாம இறுக்கிவிட்டா வில் நிமிர வழியில்லை, அடி முழுக்க செசிக்குப் போகும், இல்லாட்டி முதல் தகடு கண்ணடியில வெடிக்கும்.

அதால என்ர பக்கத்துச் சொல் ஆடுகொளுவி. ரெண்டு கண்ணையும் கொளுவி வைக்குது, ஆடவும் விடுது. இதைக் கேட்டா ஆட்டைக் கட்டிற கொளுக்கி எண்டு நினைப்பினம் எண்டு தங்கச்சி எழுதியிருந்தா. ஆடுதசை எண்டு வைத்தியர் சொல்லேக்க ஆருக்கும் ஆட்டு ஞாபகம் வாறேல்லை, வினைத்தொகைக்கு எங்கட காது பழகினதுதான். ஊசற்கொளுவி இலக்கணத்துக்கு இன்னும் வடிவு, ஆனா கராஜில கையில கிறீசோட நிக்கிறவர் அதைக் கூப்பிட்டுக் கேக்க மாட்டார்.

மற்றது, வில்லும் மற்றச் சாமான்களும் சேர்ந்த முழு அமைப்பான சஸ்பென்ஷனுக்கு "இடைநீக்கம்" எண்டு இணையம் முழுக்கப் பரவிக் கிடக்கு, இது எனக்குப் பெரிய கவலை. அது உத்தியோகத்தரை வேலையால நிப்பாட்டிற சொல். தொங்கலும் சரிவராது, ஏற்கனவே ரசாயனப் புத்தகத்தில அதுக்கு வேலை இருக்கு. மாட்டு வண்டிக்கு அடியில இந்த அடுக்குத் தகட்டைப் போட்ட காலத்திலயே எங்கட ஆக்கள் அதை வில்வண்டி எண்டு சொல்லிப்போட்டினம், பள்ளிக்கூடத்திலயும் விற்றராசு எண்டுதான் படிச்சனாங்கள், பேந்தென்ன, வில் எண்டதையே அடியாக வைச்சு வில்லமைவு, அடுக்குவில், சுருள்வில் எண்டு போகலாம். ஷொக் அப்சோபருக்கு அதிர்ச்சி உறிஞ்சி எண்டதும் பிழை. அடியை வாங்கிறது வில். வாங்கினதை வைச்சுக்கொண்டு அது திரும்பத் திரும்பத் துள்ளாம, ஒயிலைச் சின்ன ஓட்டையால தள்ளி அந்தத் துள்ளலைச் சூடாக்கி முடிக்கிறதுதான் மற்றச் சாமான், தணிப்பி எண்டா போதும்.

சொல் ஓடுதா எண்டு பாக்கிறதுக்கு, வீட்டில புஷ் மாத்திற வேலையை இந்தச் சொற்களாலயே எழுதிப் பாத்தன். வாசிச்சு எங்க தட்டுதெண்டு சொல்லுங்கோ:

"வண்டியைச் சமதரையில விட்டு, மற்றச் சில்லுகளுக்கு அடைப்புக் குடுத்து, செசியை ஸ்டாண்டில நிப்பாட்டவும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழ போகக்கூடாது. இன்னொரு ஜக்கால அச்சைத் தாங்கி, வில்லில பாரமும் இழுவையும் இல்லாத உயரத்துக்குக் கொண்டுவரவும். ஆடுகொளுவியின்ர போல்ட் சுழண்டும் வெளியில வராட்டி, புஷ்ஷின்ர உள்குழாய் கறள் பிடிச்சுப் போல்ட்டோட ஒட்டியிருக்கு எண்டு அர்த்தம், றப்பர்தான் முறுகுது. கறள் இளக்கி அடிச்சு ஒரு இரவு விட்டும் அசையாட்டி, தகட்டுக்கும் கண்ணுக்கும் நடுவால போல்ட்டை வெட்டவும். செசிக்குள்ள இருக்கிற பழைய புஷ்ஷின்ர வெளிக்குழாயை உள்பக்கத்தால நீளத்துக்கு அரிஞ்சு, மடிச்சு எடுக்கவும், செசியின்ர குழாயை அரிஞ்சுபோடாமக் கவனம். புது புஷ் போட்டு ஆடுகொளுவியைக் கொளுவினாப்பிறகு நட்டைக் கையால மட்டும் பிடிக்கவும். வண்டியைச் சில்லில இறக்கி, முன்பக்கத்தை ரெண்டு மூண்டு தரம் அமத்திவிட்டு, வில் தன்ர இருப்புக்கு வந்தாப்பிறகுதான் முழுசா இறுக்கவும்."

கடைசி வரியைக் கவனியுங்கோ. இந்த புஷ்ஷில றப்பர் ரெண்டு இரும்புக் குழாயோடயும் ஒட்டியிருக்கு, அது வழுக்கிச் சுத்திறேல்லை, முறுகி முறுகித்தான் ஆட்டம் குடுக்குது. சில்லு தொங்கேக்கயே இறுக்கினா, வண்டி நிலத்தில நிக்கிற நேரம் முழுக்க றப்பர் முறுகினபடியே இருக்கும், கெதியில கிழியும். வில்தளை எண்டு பேர் வைச்சுக் குடுத்தா வாசிக்கிற பெடியன் முதல் வேலையா அதை இறுக்கத்தான் பாப்பான், ஆடுகொளுவி எண்டா ஏன் பொறுக்கச் சொல்லுறாங்கள் எண்டு பேரிலயே இருக்கு.

பழைய ஜீப்புக்கு மட்டும் உரிய சொல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு எண்டு கேட்டவருக்கு: 1970 இல ரேஞ்ச் றோவரும் 1983 இல லான்ட் றோவர் 110 உம் சுருள்வில்லுக்கு மாறினது உண்மை. ஆனா மரக்கறி ஏத்திற பட்டா எண்ட சின்ன லொறிக்கும், பெரிய லொறிக்கும், ஹைலக்ஸ் கெப்புக்கும் பின்னால இண்டைக்கும் அடுக்குவில்தான். கொழும்பில வாகன உதிரிப்பாகம் விக்கிற பஞ்சிகாவத்தையில ஒரு கடைக்கு முன்னால நிண்டு பாருங்கோ, எத்தினை பேர் இந்தத் தகட்டுச் சோடியைக் கையில பிடிச்சுக்கொண்டு "இதைப்போல ஒண்டு" எண்டு கேக்கினம் எண்டு.

வில்லின்ர அசையாத முனைக்கு இன்னும் எனக்குத் திருப்தியான சொல் வரேல்லை. நிலைக்கண் எண்டு எழுதிப் பாத்தன், கதவு நிலை ஞாபகம் வருது, அது நல்லமோ கூடாதோ தெரியேல்லை. மலையகத்தில தோட்டத்துக் கராஜுகளில பழைய லான்ட் றோவரோட வேலை செய்த ஆக்கள் வீட்டில இருந்தா, அவை இந்த ரெண்டு முனைக்கும் என்ன சொல்லுவினம் எண்டு கேட்டு எழுதுங்கோ. அங்க ஒரு சொல் புழக்கத்தில இருந்தா என்ர ஆடுகொளுவியை நான் இப்பவே விட்டுக்குடுக்கிறன்.